மரத்தூள் படுக்கையில் சிப்பிக்காளான்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

வைக்கோல் விலை ஏறும்போதெல்லாம் வேலூர், குடியாத்தம், ஆரணிப் பக்கக் காளான் குடில்களில் மரத்தூளுக்கு மாறலாமா என்ற பேச்சு எழுகிறது. தாராளமாக மாறலாம். ஆனால் வைக்கோலில் பழகிய கை மரத்தூளில் அப்படியே செல்லாது. வைக்கோல் படுக்கையில் 15–20 நாளில் வித்து, அதாவது தானியத்தில் வளர்த்த காளான் விதை, வெள்ளை இழையாகப் பரவி முடிந்துவிடும். தூளில் ஒரு மாதத்தையும் தாண்டும். நடுவில் வேலை நின்றுபோனால், ஏன் நின்றது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். தூளை அடைத்த பாலித்தீன் பைக்குள்ளே காளான் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் அறிகுறியைப் படிக்க முடியும். அதனால் முதலில் கொஞ்சம் மரத்தின் உள்ளே போய்வருவோம்.

மர செல்லின் சுவரை, மூங்கில் தட்டியின் மேல் களிமண் பூசிய சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் பிளாச்சுகள் செல்லுலோஸ். அவற்றை இழுத்துக் கட்டிய நார் ஹெமிசெல்லுலோஸ். இடைவெளி முழுக்க அடைத்து இறுகிய மண் லிக்னின். மா, வாகை, தூங்குமூஞ்சி முதலான வன்மரங்களில் எடைக் கணக்கில் 40–50 சதவீதம் செல்லுலோஸ். லிக்னின் பெரும்பாலும் 18–25 சதவீதம். மிச்சத்தில் பெரும்பங்கு ஹெமிசெல்லுலோஸ். காளானுக்குச் சாப்பாடு பிளாச்சும் நாரும்தான். லிக்னினை மட்டும் கொடுத்தால் அது பிழைக்காது. பிளாச்சிலும் நாரிலும் இருக்கும் சர்க்கரையை எட்டவேண்டும் என்பதற்காகத்தான் வழியிலிருக்கும் லிக்னினை ஆக்சிஜனேற்றம் செய்து உடைத்துத் தள்ளுகிறது.

இந்த வேலைக்குக் காற்று கட்டாயம் வேண்டும். செம்பு அணுக்களைக் கொண்ட லாக்கேஸ் என்ற நொதி ஆக்சிஜனை நேரடியாகவே பயன்படுத்துகிறது. பெராக்சிடேஸ் நொதிகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தேவை. அதையும் காளான் ஆக்சிஜனைக் கொண்டே தயாரித்துக்கொள்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. நொதிகள் உருவில் பெரியவை, கெடாத செல் சுவரின் நுண்துளைகளுக்குள் நுழையவே முடியாதவை. அதனால் மாங்கனீசு பெராக்சிடேஸ் சுவருக்கு வெளியே நின்றபடி மாங்கனீசு அயனியை வீரியமுள்ளதாக மாற்றி அனுப்புகிறது. காளான் சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் அந்த அயனியோடு சேர்ந்து அதை நிலையாக வைத்திருக்க, அது உள்ளே ஊடுருவி லிக்னினைத் தாக்குகிறது. சுவர் இளகிய பிறகே செல்லுலோஸை வெட்டும் நொதிகள் உள்ளே புகுகின்றன. மரத்தூள் ஏன் இவ்வளவு மெதுவாக வெளுக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த வரிசையை மனதில் வைத்தால் பொறுமை வரும்.

பையில் எந்தக் கோளாறு வந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: லிக்னினை உடைக்கும் வேலை எந்த இடத்தில் தடைப்பட்டது? பெரும்பாலான அறிகுறிகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

வித்து மட்டும் வெளுத்திருக்கிறது, தூளுக்குள் இறங்கவில்லை

சோளத்தில் வளர்த்த வித்து, தானியத்தைச் சுற்றி நன்றாக வெளுக்கிறது. பக்கத்திலுள்ள தூளைத் தொடவே மாட்டேன் என்கிறது. வித்தில் உயிர் இருக்கிறது என்பதற்கு அந்த வெண்மையே சாட்சி. வித்துக்காரரைத் திட்டுவதற்கு முன் தூள் எந்த மரத்துடையது என்று விசாரியுங்கள்.

அறுவை மில்லில் பல மரத்தின் தூளும் ஒரே குவியலில்தான் விழும். தேக்குத்தூள் அதில் நிறைய இருந்தால் பை ஓடாது. கரையானுக்கும் பூசணத்துக்கும் தேக்கு அசையாமல் நிற்பதற்குக் காரணம் அதன் வைரப்பகுதியிலுள்ள குயினோன் வகைப் பொருள்கள். வீட்டு நிலைக்கதவுக்கு எது வரமோ அதுவே காளானுக்குத் தடை. பார்சல் பெட்டி செய்யும் பட்டறைத் தூள் பெரும்பாலும் பைன். அது ஊசியிலை வகை மென்மரம், பிசினும் அதிகம். மென்மர லிக்னின் ஏறக்குறைய ஒரே வகை அலகால் ஆனது, கரிம அணுக்கள் ஒன்றோடொன்று நேராகப் பிணைந்த இறுக்கமான கட்டுகள் அதில் அதிகம். வன்மர லிக்னினில் சிரிங்கைல் என்ற இன்னொரு அலகும் கலந்திருக்கிறது. அதன் அமைப்பே அப்படி இறுகப் பிணைய இடம் கொடுக்காது. அதனால் சிப்பிக்காளானுக்கு அது எளிதில் உடைகிறது. ஊசியிலை மரம் என்று எண்ணிச் சவுக்கை ஒதுக்குகிறவர்கள் உண்டு. சவுக்கு பூக்கும் மரம்தான். அதன் மரம் வன்மர வகையைச் சேர்ந்தது, தூளைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

நம் பகுதியில் அதிகம் கவனிக்க வேண்டியது பட்டை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் பட்டறைகளில் ஆவாரம் பட்டையும் வேலம் பட்டையும் போட்டுத் தோல் பதனிட்டது இங்கே பலருக்கும் தெரிந்த தொழில். பட்டையிலுள்ள டானின் தோலின் புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. நொதியும் புரதம்தானே! பட்டை மிகுந்த தூளில் காளான் சுரக்கும் நொதியை டானின் அதே மாதிரி பிடித்து முடக்கிவிடுகிறது. கொஞ்சம் பட்டை கலந்திருந்தால் பயமில்லை. லாக்கேஸ் அதை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்துவிடும், சில நாள் தாமதம் ஆகும், அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கைப்பிடித் தூளை வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, அந்த நீரில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போடுங்கள். சிறிது நேரத்தில் நீர் கருநீலமாக மாறினால் டானின் அதிகம். அப்படிப்பட்ட தூளைத் திறந்தவெளியில் குவித்து, நனைத்து, அவ்வப்போது புரட்டிச் சில வாரம் விட்டுவைத்தால் கரையக்கூடிய சரக்கெல்லாம் வடிந்துபோகும். தைலமரத் தூளுக்கும் இதுவே வைத்தியம். தேக்குக்கும் பைனுக்கும் நான் இந்தச் சிரமத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். மாந்தூளோ வாகைத்தூளோ தனியாகப் பிடித்துத் தரும் மில்லைத் தேடுவது மேல்.

பிளைவுட், எம்.டி.எப். பலகை அறுத்த தூளையும், மருந்து ஏற்றிய மரத்தின் தூளையும் தொடவே வேண்டாம். பசையிலுள்ள ஃபார்மால்டிஹைடு இழையைக் கொல்லும். மரக்காப்பு மருந்திலுள்ள உலோகங்கள் காளானுக்குள் சேர்ந்து சாப்பிடுகிறவரின் உடலுக்குப் போகும். தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை. பாலாற்றுப் படுகையில் தோல் பட்டறைகள் மிகுந்த இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. குடிக்க உதவாத கிணற்று நீரில் தூளை நனைக்காதீர்கள்.

மேல்பாதி வெளுத்துவிட்டது, கீழ்ப்பாதி நிறம் மாறவில்லை

பையின் அடியைத் தொட்டுப் பாருங்கள். நீர் தேங்கியிருக்கிறதா? அப்படியானால் அங்கே காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் லிக்னினை உடைக்க முடியாது. இழை அந்த எல்லையிலேயே நின்றுவிடும். புளித்த வாடை வந்தால் காற்று வேண்டாத பாக்டீரியாக்கள் அங்கே குடியேறிவிட்டன என்று பொருள்.

ஈரம் 60–65 சதவீதம் இருக்க வேண்டும். தூளை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்க்கலாம், தாரையாக வடியக்கூடாது. நனைத்தவுடன் பிழிந்து பார்த்து ஏமாறாதீர்கள். மரத்துகள் உள்ளே நீர் குடிக்க நேரமாகும். முந்தின நாள் மாலை நனைத்து மறுநாள் காலையில் பார்ப்பதே சரியான கணக்கு.

நீர் சரியாக இருந்தும் கீழே இறங்கவில்லை என்றால் தூளின் பருமனைப் பாருங்கள். நொதி துகளின் மேற்பரப்பிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறது, ஆகவே தூள் சன்னமாக இருந்தால் நல்லது என்று தோன்றும். பாதி உண்மை. மாவாக இருக்கும் தூள் பைக்குள் படிந்து இறுகிக் காற்றுவழியை அடைத்துவிடுகிறது. பட்டறை ரம்பத்தின் சன்னத் தூளோடு இழைப்புளிச் சுருளையோ சிறு சிராய்களையோ மூன்றில் ஒரு பங்கு கலந்தால் இடைவெளி கிடைக்கும். ஏற்கெனவே நின்றுபோன பைக்கு, நீர் தேங்கிய இடத்தில் சுத்தமான ஊசியால் சில துளை போட்டு வடியவிட்டு, பையைச் சாய்த்து வைக்கலாம். புளித்த வாடை வந்துவிட்டால் அதைக் காப்பாற்ற முயலாமல் வெளியேற்றுங்கள்.

பச்சைப் பூசணம்

குடில்காரர்களைத் தூங்கவிடாத அறிகுறி இது. டிரைகோடெர்மா. அது எதில் பலசாலி, எதில் பலவீனன் என்று தெரிந்துகொண்டால் பயம் பாதியாகக் குறையும்.

இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை அரித்துத் தின்ற பூசணம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இன்று தொழிற்சாலைகளுக்குச் செல்லுலோஸ் நொதி தயாரிப்பதே அதன் வழித்தோன்றல்களைக் கொண்டுதான். திறந்து கிடக்கும் செல்லுலோஸை அடிப்பதில் அவ்வளவு கெட்டி. ஆனால் பருத்தியில் லிக்னின் கிடையாது, மரத்தில் உண்டு. சிப்பிக்காளானிடம் இருக்கும் பெராக்சிடேஸ் படை டிரைகோடெர்மாவிடம் இல்லை. அதனால் வெறும் மரத்தூளில் அது பெரிதாகப் பிழைக்க முடியாது. நாம் கலக்கும் தவிட்டின் மாவும் சர்க்கரையும்தான் அதை அழைத்து வருகின்றன. தின்று கொழுத்தபின் காளான் இழையையே சுற்றிக்கொண்டு செரிக்கவும் தொடங்கிவிடும்.

தவிடு இல்லாமலும் முடியாது. மரத்தில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குப் பல நூறு பங்கு கரிமம் இருக்கிறது. அந்தப் பஞ்சத்தைச் சமாளிக்கச் சிப்பிக்காளான் நூற்புழுக்களை முடக்கிச் செரிக்கக்கூட வழி வைத்திருக்கிறது. கனடாவில் தோர்ன், பாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் இதை வெளியிட்டார்கள். தவிடு நைட்ரஜன் தருகிறது, மாங்கனீசும் தருகிறது. கேள்வி அளவு மட்டுமே. உலர்ந்த தூளின் எடையில் 10 சதவீதத்தில் தொடங்குங்கள். 20-ஐத் தாண்டாதீர்கள். ஆய்வகங்களில் அதிகம் ஆராயப்பட்ட பனரோகீட் என்ற வெண் அழுகல் (லிக்னினை உடைத்து மரத்தை வெளுக்கவைக்கும்) பூசணத்தில் நைட்ரஜன் மிகுந்தால் லிக்னின் வேலையே நின்றுபோகும். சிப்பிக்காளானில் அந்த அளவுக்கு இல்லை. என்றாலும் கூடுதல் தவிட்டால் கிடைக்கும் விளைச்சலை விட, பச்சைப் பூசணத்தால் இழப்பது அதிகம் என்பதே என் கணிப்பு.

பச்சை எந்த இடத்தில் தொடங்கியது என்று பாருங்கள். பையின் நடுவில், பல இடங்களில் ஒரே நேரத்தில் கிளம்பினால் அவித்தது போதவில்லை. வைக்கோலை வெந்நீரில் முக்கியெடுக்கும் பழக்கம் தவிடு கலந்த தூளுக்குப் போதாது. ஆட்டோகிளேவ் (அழுத்த ஆவியில் அவிக்கும் கலன்) இருந்தால் 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில், கிலோ இரண்டு கிலோப் பைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இரும்பு டிரம்மில் ஆவி கட்டுகிறவர்கள் பையின் நடுப்பகுதி சூடேறிய பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரம் விட வேண்டும். அடுப்பு பற்றவைத்த நேரத்திலிருந்து எண்ணுவது கணக்கே இல்லை. பச்சை வாய்ப்பகுதியிலோ துளை ஓரத்திலோ மட்டும் வந்தால் வித்து போட்ட கை, இடம், காற்று ஆகியவற்றில் பிழை. நடுவெல்லாம் வெளுத்து முடிந்தபின் ஓரத்தில் சிறு பச்சை தெரிந்தால் அந்தப் பையைத் தனியே வைத்துக் காத்திருங்கள். லிக்னினோடு பிணைந்த இருப்பு முழுக்க அப்போது காளானின் கையில் இருக்கிறது. பல பைகள் தாண்டி வந்துவிடும். பச்சைத் தூள் பறக்கும் பையைக் குடிலுக்குள் பிரிக்கவே கூடாது.

பழுப்பு மஞ்சள் நீர் கோத்திருக்கிறது

இரண்டு காரணம். பூசணமோ பாக்டீரியாவோ எதிர்த்து நிற்கும்போது காளான் இழை இப்படி நீர் கக்கும். பக்கத்தில் வேற்று நிறம் எதுவும் தெரியவில்லை என்றால் வெப்பம்.

மர உடைப்பே வெப்பத்தை வெளிவிடும் வேலை. அறையை விடப் பையின் நடுப்பகுதி சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, ஓலைக்கூரைக்குக் கீழே நெருக்கி அடுக்கிய பைகளின் நடுவில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இழை வெந்து சாகிறது. செத்த இழையைத் தேடிப் பச்சை வருகிறது. பைகளுக்கு இடையே ஒரு கை புகும் இடைவெளி விடுங்கள். பையின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள், சுவரில் மாட்டியதை நம்பாதீர்கள். உள்ளே 30-க்குக் கீழே நிறுத்த முடியாத காலத்தில் மரத்தூள் பை போடுவதையே தவிர்ப்பது நல்லது. அந்த மாதங்களுக்கு 30–35 டிகிரியில் மகிழ்ச்சியாக வளரும் பால் காளான் இருக்கிறது. ஐப்பசி மழையோடு தூள் பைக்குத் திரும்பி மாசி வரை நன்றாக எடுக்கலாம்.

ஷிடாகே வளர்க்க ஆசைப்பட்டுக் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதுவும் வன்மரத்தைத் தின்னும் வெண் அழுகல் காளான்தான். மொட்டு விட அதற்கு 20 டிகிரிக்குக் கீழான குளிர் வேண்டும். சமவெளியில் குளிர்சாதன அறை இல்லாமல் ஆகாது. அதன் பை மேற்பரப்பு பழுப்பாக மாறுவது நோய் அல்ல, பக்குவம்.

பை முழுக்க வெளுத்துவிட்டது, மொட்டு இல்லை

அவசரத்தில் செய்யும் தவறு அதிகம் நடப்பது இந்தக் கட்டத்தில்தான். வெளுத்துவிட்டது என்றால் இழை எல்லா இடத்தையும் எட்டிவிட்டது என்று மட்டுமே அர்த்தம். சுவர் உடைந்து, சர்க்கரை கிடைத்து, இழையில் சேமிப்பு ஏறிய பிறகே மொட்டு வரும். மொட்டுக் காளானிலும் ஷிடாகேயிலும் அளந்து பார்த்திருக்கிறார்கள்: இழை பரவும் நாளில் லாக்கேஸ் உயர்ந்து நிற்கிறது, காளான் தலை எடுக்கும் நேரத்தில் அது சரிய, செல்லுலோஸ் நொதி எழும்புகிறது. முதலில் வழியை வெட்டுகிறது, பிறகு அறுவடை செய்கிறது.

ஆகவே பெருவிரலால் பையை அழுத்துங்கள். தூள் இன்னும் உதிரியாக நகர்ந்தால் நேரம் ஆகவில்லை, ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள். ஒரே கட்டியாக இறுகி, அழுத்தினால் மீண்டு எழுந்தால் தயார். தயாரான பைக்கு நான்கு மாற்றம் வேண்டும்: புதுக்காற்று, எழுத்து படிக்கும் அளவு வெளிச்சம், 85–90 சதவீத ஈரப்பதம், சில டிகிரிக் குளிர்ச்சி. மொட்டு வெளிவரப் பையில் கீறல் போட்ட இடத்தில் ஈரம் காயாமல் இருக்கிறதா என்பதே முதல் சோதனை. மேற்பரப்பில் தடித்த வெண்தோல் படிந்து மொட்டு அடைபட்டால் தவிடு கூடிவிட்டது. தோலை லேசாகச் சுரண்டிவிட்டுக் கோணிச்சாக்கு நனைத்துக் கட்டுங்கள்.

காம்பு நீண்டு, தலை சிறுத்து வருகிறது

கரியமில வாயு. உடைந்த மரத்தில் கணிசமான பங்கு வாயுவாகவே வெளியேறுகிறது. இழை பரவும் நாளில் காளான் அதைத் தாங்கும், தலை விரியும் நாளில் தாங்காது. கதவைத் திறந்துவிட்டால் ஈரம் போய்விடும் என்று பயந்து அடைத்து வைப்பதால் வரும் கோளாறு இது. தரையோரம் காற்றுவழி வையுங்கள், கரியமில வாயு கனமானது. காளான் தலையின் ஓரம் சுருண்டு மேலே திரும்பும் வரை அறுவடையைத் தள்ளிப்போடாதீர்கள். முற்றிய தலையிலிருந்து உதிரும் வித்துத்தூள் (ஸ்போர்) அறை முழுக்கப் பறந்து, நாளடைவில் இருமலும் மூச்சிரைப்பும் தரும். அறுவடை செய்கிறவர்கள் முகக்கவசம் போட்டே ஆகவேண்டும்.

கறுப்புக் கோடுகள்

வெளுத்த தூளில் மெல்லிய கருங்கோடு ஓடினால் இரண்டு இனங்கள் எல்லை பிரித்துக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் இரு வேறு வித்துகளை ஒரே பையில் போட்டதன் விளைவு. கெடுதல் இல்லை, விளைச்சல் சற்றுக் குறையலாம்.

மரக்கட்டையில் வளர்த்தால்: கட்டை பழுப்பாகிச் சதுரம் சதுரமாக வெடிக்கிறது

மாங்கட்டையில் துளையிட்டு வித்து அடைக்கிறவர்கள் சிலருக்கு வரும் சந்தேகம். சிப்பிக்காளான் உடைத்த மரம் வெளுத்து, நார் நாராகப் பிரியும். பழுப்பாகிக் கட்டி கட்டியாக உதிர்ந்தால் அங்கே வேலை செய்தது வேறு பூசணம். அது பழுப்பு அழுகல் வகை. லிக்னினை மேலோட்டமாக மாற்றிவிட்டு விட்டுவிடும், சர்க்கரைப் பகுதியை மட்டும் கறந்துகொள்ளும். அந்தக் கட்டையில் இனிச் சிப்பிக்காளான் எடுக்க முடியாது. அதில் முளைக்கும் எதையும் அடையாளம் தெரியாமல் சமைக்க வேண்டாம். அடுத்த முறை புதிதாக வெட்டிய, பட்டை உரியாத கட்டையாக எடுத்து, வெட்டிய சில வாரத்துக்குள் வித்து அடைத்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்குங்கள். வெண்மை முதலில் கட்டையின் இரு முனையிலும் தெரியும்; வன்மரத்தின் நீர்க்குழாய்கள் நீளவாக்கில் ஓடுவதால் இழையும் அவ்வழியே விரைகிறது.

முதல் அறுவடை நன்றாக வந்தது, இரண்டாவது வரவில்லை

பையைத் தூக்கிப் பாருங்கள். லேசாகிவிட்டதா? காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். முதல் அறுவடையோடு பையின் நீரும் போய்விட்டது. சுத்தமான குளிர்ந்த நீரில் சில மணி நேரம் முக்கி வைத்து, வடியவிட்டு, திரும்பத் தொங்கவிடுங்கள். பழைய காம்பின் அடிக்கட்டையை நோண்டி எடுத்துவிடுவது முக்கியம். ஈ மொய்ப்பதும் பச்சை தொடங்குவதும் அங்கேதான்.

நனைத்தும் வரவில்லை என்றால் ஒரு துண்டை உடைத்து விரலால் நசுக்குங்கள். உள்ளே இன்னும் மரநிறமும் கடினமும் இருந்தால் உணவு மிச்சம் இருக்கிறது. காற்றையும் வெப்பத்தையும் திரும்பச் சரிபாருங்கள். வெளுத்த துகள் விரலிடையே மசிந்து, பை சுருங்கிப் பாலித்தீன் தளர்ந்திருந்தால் அந்தப் பையின் கணக்கு முடிந்தது, கோளாறு எதுவும் இல்லை. அதை மண்புழு உரக் குழிக்கு அனுப்பலாம், தென்னை, வாழைக்கு மூடாக்காகப் போடலாம். காரணம் பிடிபடாத பையை மட்டும் பிரிக்காமல், தூள் வாங்கிய மில், மரத்தின் பெயர், தவிட்டின் அளவு, அவித்த நேரம், வித்து போட்ட தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஒட்டி, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.